மிஷன் பீக்கில் ராட்டில்ஸ்நேக்: நான் செய்தது சரியா?

மூச்சுவாங்கி (சனி, இரவு 10:40)

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம். காலையில் நடந்தது இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை, அதனால் சுருக்கிச் சொல்ல வரவில்லை.

நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். சனிக்கிழமை ஆனால் இங்குள்ள மிஷன் பீக் மலை ஏறுவது என் வழக்கம். ஏறுவது என்றால் உச்சிக் கம்பம் வரை இல்லை. உச்சி 2,517 அடி, அது என் முழங்காலுக்கு ஆண்டில் ஒரு தடவை போதும். மற்ற வாரங்களில் ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலில் தொடங்கி, மாடுகள் மேயும் சரிவு வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். இந்த வாரம் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் ஆறு வயது மகளும் கூட வந்தார்கள்.

எட்டு மணிக்குக் கிளம்பும்போது நல்ல குளிர். ஒன்பதரை வாக்கில் மூட்டம் விலகி வெயில் விழுந்தது. மகள் இருபதடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலில் தோல் செருப்போடு, இந்த ஊர் மாடுகளுக்கு ஏன் இவ்வளவு கொழுப்பு என்று விளக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு காதில் இயர்போன், கிரிக்கெட் வர்ணனை. (இந்த ஒரு விவரத்தை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.)

முதலில் தூரத்தில் யாரோ புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பானைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். மலையில் ஏது தெளிப்பான் என்று நினைத்து முடிப்பதற்குள் சத்தம் திடீரென்று காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்படித்தான் சொல்லத் தெரிகிறது. பாதையின் இடது ஓரத்தில், புல்லும் மண்ணும் சேருகிற இடத்தில், காய்ந்த சாணி என்று நான் நினைத்திருந்த ஒன்று தலையைத் தூக்கியது. ராட்டில்ஸ்நேக், வாலைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிச் சத்தம் போடுமே, அந்த விஷப் பாம்பு. எனக்கும் அதற்கும் நடுவில் ஆறடி இருக்கலாம்.

மகள் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தாள். அதன் பக்கத்தில்தான் ஓடியிருக்கிறாள், அப்போது அது மூச்சுவிடவில்லை. எனக்குத் தான் சத்தம் போட்டது.

"அப்படியே நில்லு" என்று கத்தினேன். அவள் நின்றுவிட்டாள், நல்ல காலம். அப்பா அதற்குள் ஒரு கல்லை எடுத்துவிட்டார். மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி மகளைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கல்லைக் கீழே போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்பாவுக்கு மொழி புரியவில்லை, கை புரிந்தது. போட்டார்.

எனக்கு மகளிடம் போனால் போதும் என்றிருந்தது. வலது பக்கம் முழங்கால் உயரப் புல்லுக்குள் இறங்கி, பத்துப் பதினைந்தடி சுற்றிக்கொண்டு அவளிடம் போய்ச் சேர்ந்தேன். பாம்பு அசையவே இல்லை. பத்து நிமிடம் கழித்து அதுவாகவே சுருள் அவிழ்த்து, அணில் வளை ஒன்றின் பக்கம் போனது. வேகம் ஒன்றும் இல்லை. மாமனார் வீட்டுக்குப் போகிற மாதிரி போனது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா ஒரே பாட்டு: "குழந்தைகள் நடக்கிற இடம், அடிச்சிருக்கணும், விட்டது தப்பு." மனைவி இனிமேல் மலையே வேண்டாம் என்கிறாள். மகள் "பாப்பா கிலுகிலுப்பையை அது ஏன் வாலில் வைத்திருக்கிறது?" என்று கேட்கிறாள். மூன்று பேருக்கும் என்னிடம் பதில் இல்லை.

வாசலில் பாம்புப் படம் போட்ட பலகை இருக்கிறது. நூறு தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவையும் படித்ததில்லை. அடுத்த முறை இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்? நிஜமாகவே கடித்திருந்தால்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாலைவன மாமா (சனி, இரவு 11:25)

தம்பி, முதலில் தண்ணீர் குடி.

நான் ஃபீனிக்ஸில் 19 வருஷமாக இருக்கிறேன். அரிசோனாவில் மட்டும் 13 வகை ராட்டில்ஸ்நேக், வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. உங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரே வகைதான், வடபசிபிக் ராட்டில்ஸ்நேக் என்பார்கள். ஆகவே நான் உன்னைவிடப் பதின்மூன்று மடங்கு பயந்தவன். கேட்டுக்கொள்.

நின்றது சரி. பிள்ளையை நிற்கச் சொன்னது ரொம்பச் சரி. கல்லைப் போட வைத்த அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு. புல்லுக்குள் இறங்கினாயே, அங்கேதான் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பாதையில் இருந்த பாம்பு உன் கண்ணுக்குத் தெரிந்த பாம்பு. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தலை என்று எல்லாம் தெரியும். முழங்கால் புல்லுக்குள் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியுமா? தெரிந்த ஒன்றுக்குப் பயந்து தெரியாத பத்துக்கு நடுவில் கால் வைத்திருக்கிறாய். அணில் வளை உள்ள சரிவு என்று நீயே சொல்கிறாய். அணில் இருக்கிற இடத்துக்குத்தான் அது சாப்பாட்டுக்கு வரும்.

பிள்ளை அந்தம்மாவிடம் பத்திரமாக இருந்தாள் அல்லவா? நீ வந்த வழியிலேயே நாலு எட்டுப் பின்னால் போய்க் காத்திருந்திருக்கலாம். பத்து நிமிஷத்தில் அது போய்விட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

தூரக் கணக்கு: சீறிப் பாய்ந்தால் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி வரை எட்டும். மூன்றடிப் பாம்புக்கு ஒன்றரை அடி. ஆறடி இருந்தது என்றால் கடிக்கிற தூரத்தில் நீ இல்லை. ஆனால் பயத்தில் யாருக்கும் அடிக்கணக்கு சரியாக வராது, அதனால் பார்த்ததும் இன்னும் பின்னால் போ. அது துரத்திக்கொண்டு வராது. அதற்கு நீ இரையே இல்லை, உன்னை விழுங்கவும் முடியாது. மேலே வந்து மிதித்துவிடப் போகிற ஒரு பெரிய மிருகம், அவ்வளவுதான் நீ அதற்கு.

இன்னொன்று. சத்தம் போடும், அதை வைத்துத் தப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. உன் மகள் தாண்டியபோது அது வாயைத் திறந்ததா? சும்மா கிடந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அதன் முதல் யோசனை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம், ராத்திரி ஒன்பதரை, குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். காலில் ரப்பர் செருப்பு, கையில் டார்ச் இல்லை. இங்கே கோடையில் பகல் வெயிலை அதுவும் தாங்காது, இருட்டிய பிறகுதான் வெளியே வரும். தொட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பும்போது எதிர்வீட்டுக் காரின் வெளிச்சம் பட்டது. தொட்டிச் சக்கரம் உருண்ட தடத்துக்கு அரையடி தள்ளி ஒரு டைமண்ட்பேக், அதுவும் ராட்டில்ஸ்நேக் வகைதான். போகும்போது அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒரு கிலுகிலு சத்தம் கிடையாது. அன்றிலிருந்து வாசற்படி தாண்டினால் டார்ச். அதற்காக வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

கண் போகாத இடத்துக்குக் கை கால் போகக் கூடாது. பாறையில் பிடித்து ஏறினால் பிடிக்கிற விளிம்பை முதலில் எட்டிப் பார். கட்டை கிடந்தால் ஒரே தாண்டாகத் தாண்டாதே, அதன் மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்கு. இயர்போனை நானே சொல்ல வேண்டியதில்லை, நீயே வெட்கப்பட்டுத்தான் எழுதியிருக்கிறாய்.

---

கூழாங்கல் (ஞாயிறு, காலை 7:10)

சத்தம் தூரத்தில் கேட்டுவிட்டுத் திடீரென்று காதருகே வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் பயத்தால் வந்த பிரமை இல்லை. பாம்பு செய்த வேலைதான் அது.

2021ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே பரிசோதித்து வெளியிட்டார்கள். நெருங்கி வரும் பொருளைப் பாம்புக்குக் காட்டினால், தூரத்தில் இருக்கும்போது வாலாட்டும் வேகம் படிப்படியாக ஏறுகிறது, நொடிக்கு 40 தடவை வரை. ஒரு கட்டத்துக்கு மேல் நெருங்கினால் ஒரே தாவாக 60, 100 என்று போய்விடுகிறது. அந்த ஒலியை மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிய மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, ஒலி தாவிய கணத்தில் அவர்கள் பாம்பு உண்மையில் இருந்ததைவிட மிகப் பக்கத்தில் இருப்பதாக நினைத்தார்களாம். கேட்கிறவன் அரைக் கணம் முன்பே நின்றுவிடுகிறான், இரண்டு பேருக்கும் நல்லது. நீங்கள் ஆறடியில் நின்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

உங்கள் மகளின் கேள்விதான் இந்தப் பதிவிலேயே நல்ல கேள்வி. அவளுக்கு இப்படிச் சொல்லுங்கள்: அந்தக் கிலுகிலுப்பைக்குள் மணியோ கல்லோ எதுவும் கிடையாது. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான். ஒன்றோடொன்று தளர்வாகக் கொக்கி போட்ட வெற்று வளையங்கள். தோலுரிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வளையம் சேரும். பிறந்த குட்டிக்கு ஒரே ஒரு மொட்டு மட்டும் இருக்கும், உரச இன்னொன்று இல்லாததால் வாலை ஆட்டினாலும் சத்தம் வராது. (ஆமாம், குட்டிதான். முட்டையிடாமல் நேரே குட்டி போடும் பாம்பு இது.) வளையத்தை எண்ணி வயது சொல்லலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். ஓர் ஆண்டில் பல தடவை உரிக்கும், நுனி வளையங்கள் உடைந்தும் விழும்.

அணில் வளை பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். கலிஃபோர்னியத் தரையணில்கள் ராட்டில்ஸ்நேக் உரித்துப் போட்ட தோலை மென்று, அந்த எச்சிலைத் தங்கள் மயிரில் நக்கிப் பூசிக்கொள்ளும். பாம்பு வாடையைப் போர்த்திக்கொள்வது மாதிரி. வளர்ந்த அணிலுக்கு அந்த விஷத்தைத் தாங்கும் எதிர்ப்பும் ஓரளவு உண்டு. அதைவிட அழகு, ராட்டில்ஸ்நேக்குக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் வெப்பத்தை உணரும் குழி இருக்கிறதல்லவா, அதன் முன்னால் வாலாட்டும்போது அணில் தன் வாலைச் சூடாக்கிக்கொள்கிறது. வெப்பம் தெரியாத கோஃபர் பாம்பின் முன்னால் வாலை ஆட்டும், சூடாக்காது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வால் சூடாகும் எந்திர அணில் ஒன்றையே செய்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு தாண்டிப் போகும் அந்தச் சரிவில் இவ்வளவும் நடக்கிறது.

கோஃபர் பாம்பு என்றதும் நினைவு வந்தது. அதுவும் உங்கள் மலையில் உண்டு. பயந்தால் தலையைத் தட்டையாக்கி, காய்ந்த புல்லில் வாலை அடித்து அசல் போலவே சத்தம் போடும். விஷம் கிடையாது. வால் ஊசியாக முடிந்திருந்தால் கோஃபர். ஆனால் வாலைப் பார்ப்பதற்காகக் கிட்டே போகாதீர்கள், எதுவாக இருந்தாலும் வழிவிடுவது ஒன்றுதான் வேலை.

---

சும்மா சொல்றேன் (ஞாயிறு, காலை 9:02)

ஆராய்ச்சியெல்லாம் சரி. பெரியவர் சொன்னதில் என்ன தப்பு? ஆறு வயசுப் பிள்ளை மிதிச்சிருந்தா? அடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கணும்.

---

பாலைவன மாமா (ஞாயிறு, காலை 9:30)

எதால் அடிப்பாய்? கல் எறிய எத்தனை அடி கிட்டே போக வேண்டும்? ஒன்றரை அடியில் எட்டுகிற பாம்பை அடிக்க மூன்றடிக் குச்சியோடு போகிறவனைத்தான் அது கடிக்கும். பார்த்துவிட்டுப் பேசாமல் போனவனைக் கடித்ததாக நான் கேட்டதில்லை.

அப்புறம், அது பூங்கா. உள்ளே எந்த உயிரையும் தொடக் கூடாது என்பது விதி. செத்த பிறகும் நிம்மதி கிடையாது. தலை தனியாக வெட்டிக் கிடந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடக் கடிக்கும், விஷமும் இறங்கும். செத்த பாம்பைத் தூக்கிப் போட்டோ எடுக்கப் போய் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு.

---

இரவுப்பணி (ஞாயிறு, மாலை 4:15)

இப்போதுதான் எழுந்தேன். அவசரப் பிரிவில் செவிலியர், கலிஃபோர்னியாவில்தான். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள்.

மாமா சொன்னதற்கு என் பங்குக்கு ஒரு சாட்சி. காலில் கடிபட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தெரியாமல் மிதித்தவர்கள், பாவம். கையில் கடிபட்டு வரும் பெரிய ஆண்களிடம் "எப்படி ஆயிற்று?" என்று கேட்டால் முதலில் ஒரு கதை சொல்வார்கள், மருந்து ஏறிய பிறகு நிஜக் கதையைச் சொல்வார்கள். குச்சியால் தள்ளிப் பார்த்தேன், நண்பர்களுக்குக் காட்டலாம் என்று வாலைப் பிடித்தேன். பாதிப் பேரிடம் பியர் வாடை வேறு.

பயப்படுகிறவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. அமெரிக்கா முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 முதல் 8,000 பேரை விஷப் பாம்புகள் கடிக்கின்றன. இறப்பவர்கள் ஐந்து பேர் அளவில். கடித்தால் உயிர் போகும் என்பது இங்கே அரிது. ஆனால் கடி சாதாரணமானது என்று அர்த்தம் இல்லை. இந்த விஷம் கடித்த இடத்துச் சதையை அழிக்கும், ரத்தம் உறைவதைக் கெடுக்கும். விரல் போனவர்கள், மாதக்கணக்கில் கை மடங்காமல் இருந்தவர்கள் உண்டு. ஊரில் கண்ணாடி விரியன் கடியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும், ஒரே வழி உறவுதான் இரண்டும்.

கடித்துவிட்டால் முதல் காரியம், பாம்பிடமிருந்து விலகி வந்து உட்காருங்கள். உடனே அவசர எண் 911ஐக் கூப்பிடுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம், ஷூ எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அண்ணா, உங்கள் அப்பா கையில் மோதிரம் இருக்கிறதா? பத்து நிமிடம் தாமதித்தால் சோப்பு போட்டாலும் வராது. கடிபட்ட கை காலை இதய மட்டத்தில், வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். பேனா இருந்தால் வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று தோலில் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். எங்களுக்கு அந்தக் கோடு தங்கம்.

செய்யக் கூடாதவற்றில் முதலிடம் கயிறு கட்டுவதற்கு. சினிமாவில் பார்த்துப் பார்த்து நம் ஆட்களுக்குக் கை தானாகவே துண்டைத் தேடுகிறது. இறுக்கிக் கட்டினால் சதையை அழிக்கிற விஷத்தை ஒரே இடத்தில் அடைத்து வைத்துக் கொடுக்கிறீர்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாம் அதே ரகம். கடையில் விற்கும் உறிஞ்சு குழாய்ப் பெட்டியை வாங்கி வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள், அதில் விஷம் வராது. ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே ரத்தம் உறையாமல் தவிக்கும்.

பாம்பைப் பிடித்துக் கொண்டுவர வேண்டாம். ஒருவர் பக்கெட்டில் உயிரோடு கொண்டுவந்தார், அன்றிரவு எங்களுக்கு நோயாளியைவிடப் பக்கெட்டைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எந்த ராட்டில்ஸ்நேக் என்று தெரியாமலே வைத்தியம் செய்யலாம், இங்குள்ள விஷமுறிவு மருந்து எல்லா வகைக்கும் பொதுவானது. எந்தத் தயாரிப்பு என்பதைப் பொறுத்து, தொடக்கத்திலேயே நாலு முதல் பத்துக் குப்பி ஏற்றுவது வழக்கம், வேண்டியிருந்தால் இன்னும். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே, ஏனென்றால் மருந்து முறிப்பது விஷத்தை, உடம்பின் எடையை அல்ல.

ஏறக்குறைய நாலில் ஒரு கடியில் விஷம் இறங்கியே இருக்காது. அதை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. முதலில் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு ஏறுவதும் உண்டு, அதனால் எட்டு மணி நேரமாவது வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம். வீட்டுக்குப் போன சில நாளில் திரும்ப வந்து ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் கட்டாயம் வாருங்கள். நன்றாகிவிட்டதே என்று வராமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

காரை எடுத்துக்கொண்டு நீங்களே எந்த ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டாம். எல்லா இடத்திலும் மருந்து கையிருப்பு இருக்காது, ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும். சந்தேகம் கேட்க விஷத் தகவல் மையத்தின் எண் 1-800-222-1222. நாள் முழுக்க, இலவசம், மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். போனில் இப்போதே சேமித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, சொல்ல எனக்கே சங்கடம். மருந்து ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கில் டாலர். மொத்த ரசீது லட்சம் டாலரைத் தாண்டிய கதைகள் செய்தியிலேயே வந்திருக்கின்றன. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். செலவை நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருக்காதீர்கள், அதற்குச் சொல்லவில்லை. பார்த்து வையுங்கள், அவ்வளவுதான்.

---

ரெண்டு நாய்க்காரி (ஞாயிறு, மாலை 6:48)

நாய் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: வார் நீளம் ஆறடிக்கு மேல் விடாதீர்கள். நீட்டி விடுகிற வாரை மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். என் பெரியவனுக்கு முகத்தில் கடி, மோப்பம் பிடிக்கப் போய். நல்லவேளை பிழைத்தான். மூன்று நாள் அவன் முகம் பலாப்பழம் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் பாம்பு வாடையைக் கண்டால் விலகிப் போகும்படி நாய்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சிக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். பெரியவன் ஒரே நாளில் கற்றுக்கொண்டான். சின்னவளுக்கு நான்தான் இன்னும் பயிற்சி தேவை என்கிறேன், அவளைப் பொறுத்தவரை தோட்டத்துக் குழாய்கூடப் பாம்புதான்.

மாமாவுக்கு ஒரு கேள்வி: வீட்டுத் தோட்டத்துக்கு என்ன செய்வது? பாத்திரக் கடைக்காரர் அந்துருண்டை போடச் சொல்கிறார்.

---

பாலைவன மாமா (ஞாயிறு, இரவு 8:05)

அந்துருண்டை, கந்தகம், வீட்டைச் சுற்றிக் கயிறு, பூண்டு எல்லாம் பணத்துக்குப் பிடித்த கேடு. ஒன்றும் வேலை செய்யாது. கால் அங்குலத்துக்கு மேல் ஓட்டை இல்லாத கம்பி வலை, மூன்றடி உயரம், கீழே சில அங்குலம் மண்ணுக்குள் புதைத்துப் போடு. வாசற்கதவுக்கு அடியில் இடைவெளி விடாதே, எல்லோரும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். பறவைக்குத் தானியம் வைத்தால் எலி வரும், எலி வந்தால் விருந்தாளி வருவார். விறகு அடுக்கை வீட்டுச் சுவரோடு சேர்த்து வைக்காதே.

---

மூச்சுவாங்கி (அடுத்த சனி, மதியம் 1:20)

எல்லோருக்கும் நன்றி. பதில்களைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

புல்லுக்குள் இறங்கியதை மாமா திட்டியது நியாயம். அந்த நேரத்தில் எனக்குப் பாம்பு ஒன்றுதான் உலகத்தில் இருந்தது, இன்னொன்று இருக்கும் என்றே தோன்றவில்லை. திரும்ப அப்படி ஆனால், மகள் அந்தப் பக்கம் இருந்தால், நின்றுவிடுவேனா என்று நேர்மையாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அவள் என்னைத் தாண்டி ஓடக் கூடாது என்று மட்டும் முடிவு. இனி நான் முன்னால், அவள் நடுவில், அப்பா பின்னால்.

காப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தோம். அதைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. வேறு ஒன்று எடுத்துவிட்டோம்.

அப்பாவின் மோதிரம் கல்யாணத்தில் போட்டது, 41 வருஷமாகக் கழற்றவில்லையாம். இரவுப்பணி சொன்னதைப் படித்ததும் அவரே எண்ணெய் போட்டு, அரை மணி நேரம் திருகிக் கழற்றி அம்மாவின் படத்தடியில் வைத்துவிட்டார். பாம்பை அடிப்பது பற்றி அதற்கப்புறம் பேசவில்லை. எந்திர அணில் கதையை மட்டும் இரண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னார்.

இன்று காலை போனோம். மனைவியும் வந்தாள், இயர்போன் சங்கதியும் வெளியே வந்துவிட்டது. வாசல் பலகை முன்னால் மகள் நின்றுகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரை யாரையும் நகர விடவில்லை. பாம்பு எதுவும் கண்ணில் படவில்லை. அணில்கள் நிறைய. ஒவ்வொன்றின் வாலையும் பார்த்து, சூடாக இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அப்பாவுக்குக் கணுக்கால் வரை மூடுகிற பூட்ஸ் வாங்கியாயிற்று. கடித்துவிட்டது, அதாவது பூட்ஸ். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இப்போது வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து பழக்குகிறார்.